கை நனைக்காத விருந்தாளிகள்

மில்லர்புரம்,
தூத்துக்குடி.

பெருமதிப்புக்குரிய மச்சான் அய்யாக்குட்டி அவர்களின் சமூகத்துக்கு,

உங்கள் தங்கை வடிவம்மாளைக் கட்டிய வீரபாகு கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் வடிவும் உங்கள் மருமகள் முத்துச்செல்வியும் சுகமாக இருக்கிறோம். அங்கே விருகம்பாக்கத்தில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கத் திருச்செந்தூர் முருகன் அருள் புரியட்டும். நாங்கள் சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதியது நிசமாகவேதான். இந்தக் கடிதத்தை முழுக்க வாசித்து முடிக்க உங்களுக்கு உடம்பில் தெம்பு வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததுமே, "மாப்ள, ஒரு நிமிசம், இன்னொரு கால் வருது" என்று வைத்துவிடுகிறீர்கள். அந்த ஒரு நிமிசம் முடிந்து நீங்கள் திரும்பக் கூப்பிட்டதாக என் கல்யாணம் ஆன நாளிலிருந்து சரித்திரம் இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எழுதலாம் என்றால், நான் நெஞ்சு எரிந்து எழுதுவதற்குக் கீழே யாராவது பூங்கொத்துப் படம் போட்டு இனிய காலை வணக்கம் சொல்லுவார்கள். கடிதம் என்றால் நடுவில் யாரும் வர முடியாது. ஆகவே பெயிண்ட் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். கோபத்தில்தான் கோணுகிறது. முதுமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயம் என்னவென்றால், நீங்கள் அனுப்பிவைத்தீர்களே ஒரு சம்பந்தம், அதைப் பற்றித்தான். "தங்கமான குடும்பம் மாப்ள, பூர்வீகம் உடன்குடிப் பக்கம், நம்ம ஆளுக. சென்னையில செட்டில் ஆகியும் சம்பிரதாயம் விடாதவுக" என்று சொன்னீர்கள். அவர்கள் வீட்டுப் புதுமனைப் பந்தியில் உட்கார்ந்து எழுந்த ருசியில் சொன்னீர்கள் என்று இப்போது தெரிகிறது. முத்துச்செல்விக்கு முப்பது தாண்டிவிட்டது என்பதை நான் உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை, நீங்கள்தான் ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்கு ஞாபகப்படுத்துகிறீர்கள். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்சியில் அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் கன்டெய்னர் கப்பலில் ஏறும். ஆனால் வீட்டில், வருகிற போகிற கூட்டத்துக்கெல்லாம் பட்டுச்சேலை கட்டிக் காபித் தட்டோடு நின்று நின்று அவளுக்குச் சலித்துவிட்டது. உங்கள் பேச்சைக் கேட்டு நான் இந்த இடத்தைச் சொன்னபோது அவள் என் எதிரே நின்று, "அப்பா, மாமா சொன்னதுக்காக ஒத்துக்கிடுதேன். இதுதான் கடைசி. இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே எவன் முன்னாலயும் நிக்கமாட்டேன். சொல்லிட்டேன்" என்றாள். சொன்னால் சொன்னதுதான், உங்கள் தங்கை மகள் அல்லவா. அதனால் இந்தத் தடவை எப்படியாவது முடிய வேண்டும் என்று நான் செந்தூருக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டேன். வடிவு முடியிறக்குவதாக வேண்டிக்கொண்டாள், என் முடியை.

சனிக்கிழமை காலை அவர்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். பிள்ளையின் அப்பா சுடலைக்கண்ணு, அம்மா பேச்சிச்செல்வி, பிள்ளை சுயம்புலிங்கம். திரேஸ்புரத்து ஜெஸ்டினின் வாடகைக் காரை ரெண்டு நாளைக்குப் பேசி, நானே மாலையோடு நின்றேன். வீட்டில் வடிவு விடிவதற்கு முன்பே எழுந்து ஆப்பத்துக்கு மாவு கலக்கி, தேங்காய்ப்பால் பிழிந்து, ரசவடைக்கு ஊறப்போட்டு, இட்டிலிப் பானையோடு தயாராக இருந்தாள். "வாங்க, வீட்டுக்குப் போயிக் குளிச்சுப் பலகாரம் சாப்பிட்டு ஓய்வெடுக்கலாம்" என்று பெட்டியைத் தூக்கினேன். சுடலைக்கண்ணு என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, தப்பா நெனைக்கப்படாது. காரியம் முடிவாகுத வரைக்கும் பொண்ணு வீட்டுல கை நனைக்கது எங்க வழக்கத்துல கெடையாது. பச்சத் தண்ணிகூடத் தொடமாட்டோம். லாட்ஜ்ல ரூம் போட்டிருக்கோம்" என்றார்.

மச்சான், அதைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்தான் வந்தது. நம்ம வழக்கமும் அதுதானே. எங்கள் அப்பா உங்கள் வீட்டுக்கு வடிவைப் பார்க்க வந்தபோது கை நனைக்காமல்தான் எழுந்தார். உங்கள் அம்மா பதநீரை நீட்டியதற்கு, "நாள் குறிச்சதும் குடம் குடமாக் குடிப்பேன்" என்று கும்பிட்டுவிட்டு, தூத்துக்குடி திரும்பும்வரை பட்டினியாகப் பஸ்ஸில் போனார். பெண் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லுவது பாவம் என்ற பயம் அது. ஆகவே நான் நினைத்தேன், பரவாயில்லை, பயம் இருக்கிற குடும்பம். மரியாதைக்காக, "அப்போ காலைல சாப்பாட்டுக்கு என்ன செய்விய?" என்று ஒரு வார்த்தை கேட்டுவைத்தேன். அந்த ஒரு வார்த்தை கேட்ட வாயை என்ன செய்தால் தகும்! அதுவரை தலையைக் குனிந்திருந்த பிள்ளை சட்டென்று போனை எடுத்து, "அங்கிள், நான் எல்லாம் பார்த்து வச்சிருக்கேன்" என்றான்.

பிறகுதான் தெரிந்தது, பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை பிழைப்புக்கு, சாப்பாட்டுக்கடைக்கு மார்க் போடுவது பிறவிப் பயனுக்கு. எந்த ஊரில் எந்தத் தெருவில் எது பேர்போனது என்று அவனுக்கு அத்துப்படி. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த எனக்கே தெரியாத சந்துக்கடை அவனுக்குத் தெரிகிறது. "ஜெஸ்டின் அண்ணா, லெப்ட்" என்கிறான். ஜெஸ்டின் என்னைத் திரும்பிப் பார்க்கிறான். என் வீட்டில் சாப்பிடக் கூடாது என்பதற்காக விருந்தாளிகளைப் பட்டினி போடவா முடியும்? கூடப் போனேன். பில் வருகிற நேரத்தில் அப்பனும் மகனும் கை கழுவப் போய்விடுவார்கள். ரெண்டு பேரும் அவ்வளவு சுத்தம். நான் மட்டும் சாப்பிடாமல் உட்கார்ந்தால், "என்ன அண்ணாச்சி, எங்களுக்குக் கூச்சமா இருக்குல்லா" என்று இலையைப் போடச் சொல்லுகிறார் சுடலைக்கண்ணு. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, டாக்டர் மூன்று இட்லிக்கு மேல் முறைத்துப் பார்க்கிறார் என்று எவ்வளவோ சொன்னேன். "ஒரு நாள்ல ஒண்ணும் ஆகாது" என்றார். அவர் சர்க்கரையா அது? சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்தால், வடிவு சமைத்து வைத்ததெல்லாம் அப்படியே ஆவி அடங்கிக் கிடக்கிறது, அவள் முகம் அதைவிட ஆறிக் கிடக்கிறது. "நீங்களாவது சாப்பிடுங்க" என்று தட்டை வைத்தாள். பெற்ற மகள் கல்யாணமும் கட்டிய பெண்டாட்டி மனசும் சேர்ந்து அழுத்தினால் மனுசன் என்ன செய்வான்? அதையும் சாப்பிட்டேன். ரெண்டு நாளும் வேளைக்கு ரெண்டு தடவை சாப்பிட்ட ஒரே ஜீவன் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

நல்ல நேரம் பார்த்துப் பதினொரு மணிக்குப் பெண் பார்க்க வந்தார்கள். சுடலைக்கண்ணு லாட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுவந்து ஸோபாவில் மடியில் வைத்துக்கொண்டார். அடுப்பில் விளமீன் குழம்பு மாங்காய் போட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது. வடிவு வைக்கும் விளமீன் குழம்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மனுசன் மூக்கைத் தூக்கினார். "விளமீனா அண்ணாச்சி?" என்றார். ஆமாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் பெண் பட்டுச்சேலையில் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை, அவர் மனசு அடுப்பங்கரையில் இருந்தது. "மயினி, வாசமே தூக்குது. காரியம் மட்டும் முடிவாகட்டும், இந்தச் சட்டியோட எனக்குத்தான்" என்று வடிவைப் பார்த்துச் சொன்னார். முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டார் அல்லவா, உங்கள் தங்கை அப்போதே முகூர்த்தச் சேலைக்கு நிறம் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். பேச்சிச்செல்வி அம்மாள் மட்டும் காரியத்தில் கண்ணாக, "ஏளா, நீ நல்லா சமைப்பியா?" என்று கேட்டார். முத்துச்செல்வி, "சமைப்பேன் அத்தை. ஆனா நீங்கதான் சாப்பிட மாட்டியளே" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. அந்த அம்மாள் சிரித்துவிட்டார், தப்பித்தோம்.

பெரியவர்கள் சொல்லி, பிள்ளையும் பெண்ணும் தனியாகப் பேச மொட்டைமாடிக்குப் போனார்கள். நாங்கள் கீழே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கால்மணி நேரம் கழித்துப் பிள்ளை மலர்ந்த முகத்தோடு இறங்கி வந்தான். சரி, பழம்தான் என்று நான் வடிவைப் பார்த்தேன், வடிவு படத்திலிருந்த முருகனைப் பார்த்தாள். பிறகு முத்துச்செல்வியைக் கேட்டேன், என்னம்மா பேசினான் என்று. "பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பொரிச்ச புரோட்டா எந்தக் கடையில மொறுமொறுன்னு இருக்கும்னு கேட்டாரு. சொன்னேன். தேங்க்ஸ்னாரு" என்றாள். வேறே? "சால்னா கேட்டா ரெண்டாவது தடவை ஊத்துவாங்களான்னு கேட்டாரு." வேறே ஒன்றும் கேட்கவில்லையா, உன் வேலை, உன் படிப்பு? "நான் என்ன வேலை பாக்கேன்னு அவருக்கு இன்னும் தெரியாதுப்பா" என்றாள். அதைச் சொன்னபோதும் அவள் சிரித்தபடிதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. வெட்கப்படுகிற பையன், முதல் சந்திப்பில் என்னத்தைப் பேசுவான் என்று நானே அவனுக்கு வக்கீலாகப் பேசினேன். பெண்ணைப் பெற்றவனுக்கு எதிர்க்கட்சி வக்கீல் உத்தியோகமும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறான் ஆண்டவன்.

அன்று மத்தியானம் பீச் ரோட்டுப் பக்கம் மீன் சாப்பாடு. வீட்டில் விளமீனை விட்டுவிட்டு, அங்கே போய் அதே விளமீனை வாங்கித் தின்று, "வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கு" என்று பாராட்டினார்கள். சாயங்காலம் மக்ரூன். அதைக் கடையில் வைத்தே தின்று பார்த்து, அடுத்த கடைக்குப் போய் அங்கேயும் தின்று பார்த்து, எதில் முந்திரி கூட என்று தகப்பனும் மகனும் பட்டிமன்றம் நடத்தி, தீர்ப்புச் சொல்ல என் வாயில் ஆளுக்கொன்றைத் திணித்தார்கள். ராத்திரிக்குப் புரோட்டா, கோழி, கணவாய் வறுவல். எங்கே போனாலும் இலை விரித்ததும் நான் பேச்சை எடுப்பேன், இலை எடுப்பதற்குள் பேச்சு செத்துப்போகும். மறுநாள் காலையில் ஒரு கடையில் துணிந்து, "அண்ணாச்சி, பிள்ளைக்கு என்ன அபிப்பிராயம்னு தெரிஞ்சுக்கலாமா?" என்றேன். "பிள்ளைகிட்டயே கேளுங்க" என்றார் சுடலைக்கண்ணு, வாயில் பூரியோடு. பிள்ளையைப் பார்த்தேன். "கிழங்குல உப்பு கொஞ்சம் கூட. மத்தபடி ஓகே அங்கிள்" என்றான். காருக்கு வெளியே ஜெஸ்டின் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, கேக்கேன்னு கோவப்படாதிய. இவுக பொண்ணு பாக்க வந்தாவளா, புரோட்டா பாக்க வந்தாவளா?" என்றான். "ஏலே, உன் வேலையப் பாருலே" என்று சத்தம் போட்டேன். வாடகைக் கார்க்காரனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்ததை ஒத்துக்கொண்டால் அதோடு எல்லாம் முடிந்துபோகுமே என்ற பயம் மச்சான்.

ஞாயிறு மத்தியானமாவது முடிவு சொல்லி வீட்டில் உட்காருவார்கள் என்று வடிவு உளுந்தஞ்சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் எள்ளுத் துவையலும் செய்து, வாழை இலையைக் கழுவி அடுக்கி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தாள். அவர்கள் வரவில்லை. வேறு ஒரு கடையில் இறால் பிரியாணி நன்றாக இருக்குமாம். சாயங்காலம் ரயிலுக்கு நேரமாகும்போது உங்கள் தங்கை மனசு கேட்காமல் புளியோதரை கட்டி, ஸ்டேஷனுக்கே ஆட்டோவில் வந்துவிட்டாள். "ராத்திரிக்கு ரயில்ல சாப்பிடுங்க மயினி" என்று பேச்சிச்செல்வி அம்மாளிடம் நீட்டினாள். அந்த அம்மாள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "ஐயோ, இதுவும் உங்க வீட்டு அடுப்புல வெந்ததுதான? வழக்கம் மீறக்கூடாது பாருங்க" என்றார். அப்புறம் குரலை இறக்கி, "கடையில வாங்குனதா இருந்தா குடுங்க" என்றார். ஓடினேன். ஸ்டேஷனுக்கு வெளியே ஓடி, மக்ரூனும் காரச்சேவும் கருப்பட்டி மிட்டாயும் பெட்டி பெட்டியாக வாங்கி, மூச்சு வாங்க ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். பெட்டியில் கடைப்பெயர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கி உள்ளே வைத்தார்கள். "ஊருக்குப் போயி சொல்லி அனுப்புதோம்" என்றார் சுடலைக்கண்ணு. ரயில் போய்விட்டது. வடிவு பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே அழுதாள். உங்கள் தங்கை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று சொல்லுவார்கள். இவர்களுக்கு நெய்யும் வேண்டும், கையும் படக் கூடாது.

பிறகு ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. போன் இல்லை. நான் செய்தால், "வெளியே இருக்கேன் அண்ணாச்சி, அப்புறம் கூப்பிடுதேன்" என்பார். பின்னால் தட்டுச் சத்தம் கேட்கும். உங்களைக் கேட்டால் உங்களுக்கு இன்னொரு கால் வருகிறது. ஒரு நாள் சாயங்காலம் முத்துச்செல்வி ஆபீஸிலிருந்து வந்து, சேலைகூட மாற்றாமல், "அப்பா, இதப் பாருங்க. கிரேசி அனுப்பியிருக்கா" என்று போனை நீட்டினாள். கிரேசி அவளோடு வேலை பார்க்கிற பெண். பார்த்தால், நம்ம பிள்ளை சுயம்புலிங்கம் சிரிக்கிறான். 'தூத்துக்குடியில் ரெண்டு நாள், எங்கே சாப்பிடலாம்' என்று வீடியோ போட்டிருக்கிறான். புரோட்டா வருகிறது, சால்னா ஊற்றுகிற கை வருகிறது, கணவாய் வருகிறது, அவன் அப்பா கண்ணை மூடி மெல்லுவது வருகிறது. மக்ரூன் கடையில், மீசையில் தூளோடு, வாய் நிறைய, பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு ஒருவன் வருகிறான். அது நான். "லோக்கல் அங்கிள் ஒருத்தர் ரெண்டு நாளும் காரோட கூட வந்து ஹெல்ப் பண்ணாரு, தேங்க்ஸ் அங்கிள்" என்கிறான். அவ்வளவுதான். எங்கள் வீடு இல்லை. எங்கள் பெண் இல்லை. பெண் பார்க்க வந்தது என்கிற பேச்சே இல்லை. சோற்றுக்குள்ளே முழுப் பூசணிக்காயை மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவன் ஒரு பெண்ணையே மறைத்துவிட்டான்.

"இன்னும் இருக்குப்பா" என்று முத்துச்செல்வி விரலால் தள்ளினாள். திண்டுக்கல்லில் ரெண்டு நாள். பிரியாணிக் கடை வாசலில் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, பையில் பேனா செருகி, நெற்றியில் விபூதியோடு ஒரு லோக்கல் அங்கிள். காரைக்குடியில் ரெண்டு நாள். அங்கேயும் ஒருத்தர், பலகாரப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிறார். யார், என்ன என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை மச்சான். சொல்லவும் வேண்டியதில்லை. கேமரா தன் பக்கம் திரும்பியதும் அந்தக் காரைக்குடி மனுசன் ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், பில்லைக் கொடுத்துவிட்டு, பதில் வருமா வராதா என்று தெரியாமல் சிரிக்கிற சிரிப்பு, அதை நானும் ரெண்டு நாள் சிரித்திருக்கிறேன். அவருக்கும் வீட்டில் ஒரு பெண் பட்டுச்சேலை கட்டி நின்றிருப்பாள். எனக்கு அந்த ஆளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல் இருந்தது.

முத்துச்செல்வி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்குப் பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போயிருந்தாக்கூட நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேம்ப்பா. என்னப் பாக்கவே இல்ல அவுக" என்றாள். அப்புறம், "நாளைக்கே அவுக போன் பண்ணி, சரி, முடிச்சுக்கிடுவோம்னு சொன்னா நீங்க என்ன சொல்லுவிய?" என்று கேட்டாள். "என்ன சொல்லுவேனா? என் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொல்லுவேன்" என்றேன். "நெசமாவா?" என்றாள். "உங்க ஆத்தா மேல சத்தியமா" என்றேன். வடிவு, "என் மேல எதுக்கு, உங்க மேல பண்ணுங்க" என்றாள். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். வெறும் ரசமும் அப்பளமும்தான். முத்துச்செல்வி எனக்குப் பரிமாறிக்கொண்டே, இனிமேல் ஞாயிற்றுக்கிழமை யாரும் பார்க்க வர மாட்டார்கள், முயல் தீவுக்குப் போகலாம், படம் பார்க்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனாள். அவள் அப்படிப் பேசி எத்தனையோ காலம் ஆயிற்று. நான் ஒரு அப்பனாக இருந்தது அன்றைக்குத்தான் என்று தோன்றியது.

ஆகவே மச்சான், இந்தக் கடிதத்தின் சாரம் இதுதான். அந்தச் சுடலைக்கண்ணுவிடம் நீங்கள் நேரில் போய், வீரபாகு வீட்டுப் பெண் உங்கள் வீட்டுக்கு வராது என்று சொல்லிவிடுங்கள். சொல்லும்போது அவர்கள் வீட்டில் காபி கொடுத்தால் குடிக்காதீர்கள். குடித்துவிட்டால் உங்களுக்கு வாய் வராது. இனிமேல் தங்கமான குடும்பம், வைரமான குடும்பம் என்று எதையும் எங்கள் பக்கம் திருப்பிவிட வேண்டாம். என் பெண் பொறுக்கியெடுத்து ஒருத்தனைக் கொண்டுவந்தால் சந்தோசம், கொண்டுவரவில்லை என்றால் ரெட்டிப்புச் சந்தோசம், எங்கள் வீட்டில் அவளுக்கு இடமும் இருக்கிறது, சோறும் இருக்கிறது. வீரபாகு உங்களைப் போல் ஊருக்குப் பயந்தவன் இல்லை. இதை அக்காவுக்கும் வாசித்துக் காட்டவும்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. மழை இல்லை. உப்பு நன்றாக விளைகிறது. அக்காவின் மூட்டுவலிக்கு வடிவு தைலம் அனுப்புவாள். பேரப்பிள்ளைகள் நூறாண்டு வாழ்ந்து, அவர்களைப் பெண் பார்க்க வருகிறவர்கள் வயிறு நிறைந்தவர்களாக வரட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

என்றும் தங்கள் அன்பை மறவாத, அதே சமயம் இந்தச் சம்பந்தத்தையும் மறவாத,
வீரபாகு.

பின்குறிப்பு: கடிதத்தை வீட்டுக்கு எடுத்துவந்து உறையை ஒட்டுவதற்கு முன்னால், முந்தாநாள் ராத்திரி போன் வந்தது. சுடலைக்கண்ணு. "அண்ணாச்சி, எல்லா எடமும் பாத்தாச்சு. தம்பிக்கு உங்க ஊருதான் மனசுல நிக்குதாம். நமக்குள்ள முடிச்சுக்கிடுவோம். வார ஞாயித்துக்கெழம கை நனைக்க வாரோம்" என்றார். வாசப்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரிங்க அண்ணாச்சி, ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி" என்று வந்தது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்தொன்று நடக்கிறது மச்சான். இது போனால் அடுத்து யார் வருவார்? கை நனைப்பது வீட்டில் வேண்டாம், பீச் ரோட்டு மீன் கடையில் வைத்துக்கொள்ளலாம், தம்பி வீடியோ எடுக்க வெளிச்சம் நன்றாக இருக்கும் என்றார். அதற்கும் சரி என்றேன். வடிவு அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். முத்துச்செல்வி, "நீங்க சொன்னது அவ்வளவுதானாப்பா?" என்று மட்டும் கேட்டாள். ஆகவே மேலே எழுதியது எதையும் மனசில் வைக்காமல், அக்காவுக்கும் காட்டாமல், கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு உடனே புறப்பட்டு வரவும். அன்றையிலிருந்து முத்துச்செல்வி வீட்டில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. ஆபீஸ் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் கூப்பிட்டால் திறக்கவில்லை. நீங்கள் மாமன், நீங்கள் கூப்பிட்டால் ஒருவேளை வருவாள்.